உப்புப் பாத்தியில் வைத்த முதல் பத்திரிகை

அய்யனார் துணை. என் மகன் அய்யம்பெருமாளுக்கு உன் பெரியம்மை எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து நாளாயிற்று. கிடைத்தது என்று ஒரு கார்டு கூடப் போடவில்லையே என்று நினைத்திருப்பாய். உன்னைப் பெற்ற மகராசி போய், அவளுக்குப் பின்னாலேயே உன் அப்பாவும் போய், நீ என் இடுப்பில் ஏறிய நாளிலிருந்து நான் உனக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. கேட்ட கேள்விக்கு மேலேயே சொல்லிவிடுவேன். இந்த முறைதான் வாய் அடைத்துப் போயிற்று. பெற்றோர் என்று போடுகிற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் அச்சடித்திருக்கிறாய். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கட்டோடு வந்த உன் காகிதத்தைப் பிரித்தேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "முதல் பத்திரிகையை நம்ம அய்யனுக்கு வச்சாச்சா, பெரியம்மை?" திருநீறு பூச வந்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற பயல் கேட்கிற கேள்வியா இது! எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. வைத்தாயிற்று, ராசா. எங்கே வைத்தேன், எப்படி வைத்தேன் என்று சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்து உன் பெரியப்பா, "ஏளா, நீ காயிதம் எழுதுனா தபால்காரன் முதுகு ஒடிஞ்சிருமே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ஒடிந்தால் ஒடியட்டும். இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்காதே. உன்னோடு சைக்கிளில் போய் நோட்டீஸ் ஒட்டிய பையன்களுக்கும் படித்துக் காட்டு. உனக்கு வரப்போகிறவளும் படிக்கட்டும். பட்டணத்தில் பிறந்து வளர்ந்த பெண் அவள். எந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் குலசாமிக்குக் கோபுரம் கிடையாது, கூரை கிடையாது. மாப்பிள்ளையூரணி தாண்டிக் கடலைப் பார்த்துப் போகிற மணல் பாதையில் ஒரு காடு. உடைமரமும் விடத்தலையும் குருந்தும் பின்னிக் கிடக்கும். நடுவில் ஒரு வயசான உகாமரம், அதன் அடியில் ஒரு மண் பீடம். அவ்வளவுதான் உகாமரத்து அய்யன். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். காட்டு எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே விழுந்து கிடக்கிற சுள்ளியை வைத்து அங்கேயே பொங்கலாம். ஒரு குச்சியைக் கூட வெளியே கொண்டுவரக் கூடாது. அடுப்புச் சாம்பலையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். பங்குனி உத்திரத்துக்கு நம் வகையறா எங்கெங்கே கடை வைத்திருந்தாலும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்துவிடும்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு உத்திரத்தன்று பல் தேய்க்க வேலங்குச்சி ஒடித்துக்கொண்டு வந்து நின்றாய். முதுகில் ஒன்று வைத்தேன். ஒடித்த கொப்புக்கே உன்னை இழுத்துக்கொண்டு போய், என் சேலை ஓரத்தைக் கிழித்து அந்தக் குச்சியை மறுபடி அதே இடத்தில் கட்டவைத்தேன். நீ அழுதுகொண்டே, "கட்டுனா ஒட்டுமா பெரியம்மை?" என்று கேட்டாய். "ஒட்டாதுலே. அதான் ஒடிக்கப்படாது" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய் என்று பிறகுதான் தெரிந்தது.

நீ துறைமுக ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த உப்புக் கம்பெனி வந்தது. காட்டைச் சுற்றி இருந்த தரிசை எல்லாம் வளைத்துப் பாத்தி கட்டினார்கள். கடைசியில் காடு மட்டும் நடுவில் நின்றது. அது புறம்போக்கு, அய்யன் பேரில் பட்டா கிடையாது. கம்பெனிக்காரர்கள் நம் வகையறாவுக்குத் தலைவரான மூத்த வீட்டு அண்ணாச்சியிடம் வந்து நயமாகப் பேசினார்கள். மெயின் ரோட்டு ஓரத்தில் இடம் கொடுத்து, காங்கிரீட்டில் கோயில் கட்டி, கரண்டும் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அண்ணாச்சியை நீ துரோகி என்றாய். அவர் துரோகி இல்லை, ராசா. கம்பெனி வருவதற்கு முந்தின உத்திரத்தில் அவர் மருமகளை அந்தக் காட்டில் பாம்பு தீண்டியது. மணலில் வண்டி ஓடாமல் அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தாள், ஆனால் அந்த ஓட்டத்தை அவர் மறக்கவில்லை. உன் பெரியப்பாவும் அன்று கட்டிலுக்குத் தோள் கொடுத்தவர். "எடம் எப்படியும் போவத்தான் போவுது. அவன்கிட்ட பணம் இருக்கு, நம்மகிட்ட பட்டா இல்ல. பீடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்துச் சாமியையாவது காப்பாத்திக் கொண்டுபோயிருவோம்" என்றுதான் அவர் சொன்னார். அதில் பயம் இருந்தது. பேராசை இல்லை.

நீயும் உன் கூட்டாளிகளும் நோட்டீஸ் போட்டீர்கள். கலெக்டருக்கு மனுக் கொடுத்தீர்கள். காட்டு ஓரத்தில் பெஞ்சைப் போட்டு ஏறி நின்று பேசினீர்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பேசப் பேசப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நிலத்தடி நீர், கடல்நீர் ஊடுருவல், சுற்றுப்புறம் என்று என்னென்னமோ சொன்னாய். ஒருத்தி என் காதில், "மயினி, ஒங்க மவன் பரீட்சைக்குப் படிக்கானோ?" என்றாள். எனக்கு மானம் போயிற்று. இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னது எல்லாம் சத்தியம். ஆனால் பெஞ்சின் மேல் நின்று சொன்னாய். எங்களோடு மணலில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இனி எந்த ஊருக்கு எந்தக் காரியத்துக்குப் போனாலும், முதலில் அங்கே உள்ளவர்களின் பயம் என்ன என்று கேள். உன் பயத்தை அதற்குப் பிறகு சொல்.

அன்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசியவள் திரேஸ்புரத்து அந்தோணியம்மாதான். மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது ஊற்றில் குடம் நிறைத்துக்கொண்டு போகிறவள். மாதா கோயில்காரிக்கு நம் காட்டில் என்ன வேலை என்று நானே ஒரு காலத்தில் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் நம் பிள்ளைகள் மறந்தாலும் அவள் எல்லையில் செருப்பைக் கழற்ற மறந்ததில்லை. கேட்டதற்கு, "தண்ணி குடுக்கிற வீட்டு வாசல்ல செருப்போட நிக்கலாமா யக்கா? எங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றாள். நீ பேசி முடித்ததும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, சாமி ஒங்க சாமி. தூக்கிட்டுப் போறது ஒங்க இஷ்டம். தண்ணியையும் பிடிமண்ணுல சேத்துக் கொண்டுபோவீங்களோ?"

"ஏளா, ஒனக்கு ஊர்ல குழாய் இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு. காத்து வருது. அதுல சோறு பொங்கிக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஒரு வழி திறந்தது. "சரி, நாம யாரு முடிவு பண்ண? சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்று பூக்கட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பீடத்தின் முன்னால் போட்டு, அறியாப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

அதற்கென்று குறித்த நாளில் பொட்டலம் கட்டியது நான்தான். விரதம் இருந்து, ஈரச் சேலையோடு, நந்தியாவட்டையை ஒரு வாழை இலையிலும் செவ்வரளியை இன்னொரு வாழை இலையிலும் வைத்து, கட்டிய எனக்கே எது எதுவென்று தெரியாதபடி உருட்டிப் போட்டேன். அண்ணாச்சி கையைக் கூப்பி, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அய்யனே, புதுக் கோயிலுக்கு வந்து எங்களைக் காக்க ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அவர் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. நான் குலவை போட்டேன். நம் வகையறாவிலேயே என் குலவைதானே பெரிசு. கடலில் போகிற வள்ளத்துக்குக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். அன்றைக்கு அப்படித்தான் போட்டேன். சாமி வாய் திறந்து பேசிவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு.

குலவை ஓய்ந்ததும் நீ பின்னால் இருந்து கேட்டாய். "வர சம்மதமான்னு கேட்டீங்க. சரி. இங்கன இருந்து போவ சம்மதமான்னு கேட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மெதுவாகத்தான் சொன்னாய். அன்றைக்கு நீ பெஞ்சில் ஏறவில்லை. "பிடிமண் எடுத்த எடத்துல சாமி இல்லாமப் போயிருமா? ஒரு வெளக்குல இருந்து இன்னொரு வெளக்கை ஏத்துனா மொத வெளக்கு அணைஞ்சா போவும்? பெரியம்மைதான எனக்குச் சொல்லிக் குடுத்தா. அங்கனயும் இருக்கட்டும், இங்கனயும் இருக்கட்டும். இன்னொரு பூ போட்டு அதையும் கேளுங்க."

நீ சொன்னது சாஸ்திரப்படி சரி. ஒவ்வொரு வருஷமும் நம் வகையறாவில் வெளியூரில் குடியேறியவர்கள் பிடிமண் எடுத்துக்கொண்டு போய்ச் சின்னதாகக் கோயில் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் மூல இடம் காலியாகிவிட்டது என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் கம்பெனிக்குக் காலி இடம்தான் வேண்டும். சாமி புது இடத்துக்கு வரச் சம்மதித்துவிட்டது என்றால் பழைய இடத்தை விட்டுவிட்டது என்றுதானே அர்த்தம் என்று எல்லோரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டோம். சாமி அப்படிச் சொல்லவே இல்லை. நாம் கேட்டால்தானே சொல்வதற்கு?

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. "சாமிகிட்ட ரெண்டு தரம் கேக்கப்படாது" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "திருநீறு பூசாத பயலுக்குச் சாமி மேல என்னலே அக்கறை? காட்டுக்காவத்தான பேசுத?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. காட்டுக்காவத்தான். சாமி போயிட்டா காட்டுக்கு யாரு காவல்?"

அந்தப் பதிலுக்குத்தான் உன்னைத் தள்ளி வைத்தார்கள். சாமியைக் காட்டுக்குக் காவல்காரன் ஆக்கிவிட்டான் என்று அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கென்னவோ, ராசா, அய்யனுக்கு அதைவிடப் பெரிய பேர் என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஊர் காக்கிறவன், குளம் காக்கிறவன், எல்லை காக்கிறவன் என்றுதானே நாம் அவனைக் கூப்பிடுகிறோம்.

பிடிமண் எடுக்கிற அன்றைக்கு நீ வரவில்லை. மேளம் அடித்தார்கள். உன் பெரியப்பாதான் பீடத்தின் முன்னால் குனிந்து கையால் மண்ணை அள்ளிப் புதுப்பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார். பெண்கள் எல்லோரும் குலவை போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. விரதத்தில் தொண்டை காய்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்குப் போன குலவை எனக்குத் திரும்பி வரவே இல்லை. எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு வந்துவிட்டது! கூட நின்று கைதட்டிவிட்டு வருகிறேன்.

அதற்கு அடுத்த உத்திரத்துக்கு வரி பிரித்தார்கள். மருமகள் தெரிந்துகொள்ளட்டும்: கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு ஒரு வரி, அதாவது குடும்பத்துக்கு ஒரு பங்குப் பணம். வரி கொடுத்தவன்தான் வகையறா. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் படையலில் பங்கு கொடுப்பார்கள். வரி வாங்கவில்லை என்றால் அந்த ஆள் செத்தவனுக்குச் சமம். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். நம் வீட்டு வரியோடு உன் வரியையும் சேர்த்து வெற்றிலையில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணாச்சி நம் பணத்தை எடுத்துக்கொண்டு உன் பணத்தை வெற்றிலையோடு என் பக்கம் தள்ளினார். "ஒங்க தலைக்கட்டு மட்டும் போதும் மயினி." உன் பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே நீ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டணத்துக்கு ரயில் ஏறினாய். ஸ்டேஷனில் உனக்குக் கட்டிக் கொடுத்த புளியோதரையை நீ வாங்கிக்கொண்டாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது என் மேல் கோபம் என்று நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அழுகையை மறைக்கத்தான் திரும்பிக்கொண்டாய் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும், இல்லை என்றாலும் எழுதாதே.

நீ போன பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. காட்டை வெட்ட வெளியூரிலிருந்துதான் ஆள் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருத்தன் கூடக் கோடாலி எடுக்கவில்லை. சாமி போயாயிற்று என்று சொன்னவர்களும் எடுக்கவில்லை, பார்த்தாயா! உகாமரத்தைத் தூரோடு பறித்தார்கள். உப்புத் தண்ணீருக்கு ஆழமாகக் குழாய் இறக்கி மெஷின் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தோணியம்மா நம் கடைக்கு வந்து உன் பெரியப்பாவிடம், "அண்ணாச்சி, நீங்க குடுத்த பருப்பு வேவ மாட்டேங்கு" என்றாள். உன் பெரியப்பா வேறு பருப்பு கொடுத்தார். அதுவும் வேகவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது அவள் பருப்பு கேட்கவில்லை. "ஒங்க பருப்பு நல்ல பருப்புதான் அண்ணாச்சி. தண்ணிதான் ஒங்க சாமியைத் தேடிக்கிட்டு அலையுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊற்றுத் தண்ணீர் முதலில் உப்பேறிக் கடுத்தது; இப்போது ஊற்றும் இல்லை. புதுக் கோயிலில் வெட்டிய கிணறும் கடுத்துவிட்டது. அய்யனுக்கு அபிஷேகத் தண்ணீர் டவுனிலிருந்து டிரம்மில் வருகிறது. நான் என்ன சொல்ல! தண்ணீரோடு இருந்த சாமியைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குக் காத்திருக்க வைத்துவிட்டோம்.

இந்த நிலையில்தான் உன் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகை குலசாமிக்கு. அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை தாம்பாளத்தில் பழம், பாக்கு, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு புதுக் கோயிலுக்குப் போனேன். பூசாரி தாம்பாளத்தை வாங்கக் கை நீட்டிய நேரம் அண்ணாச்சி வந்துவிட்டார். பத்திரிகையை எடுத்து முழுதும் படித்தார். உன் பேர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிவைத்துப் பீடத்தைக் காட்டியவர் அவர்தான். "பொண்ணு நல்ல எடமா மயினி?" என்று கேட்டார். "நல்ல எடம்" என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிப் பத்திரிகையைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். "வரி இல்லாதவன் பத்திரிகையைச் சாமி முன்னால வைக்க முடியாது. நான் வச்சா நாளைக்கு என்னை நாலு பேரு கேப்பான்."

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டேன். வெளியே வந்தால் ரோட்டோரத்தில் கூடையோடு அந்தோணியம்மா. தாம்பாளத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் யக்கா, பழைய வீட்டுல வைக்கலாம்லா?"

"பழைய வீடு எங்கன இருக்கு? வெறும் பாத்தில்லா கெடக்கு."

"வாங்க, நான் காட்டுதேன்."

எனக்கு எது எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை, ராசா. வெள்ளை வெளேரென்று கண் கூசுகிறது; எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி. அவள் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தாள். அவள் அப்பா முத்துக் குளித்தவர். கடலுக்குள் முத்துப் பார், அதாவது முத்துச்சிப்பி விளைகிற திட்டு, கிடக்கிற இடத்துக்குக் கரையில்தான் அடையாளம் வைப்பாராம். ஒரு பனையும் ஒரு கோபுரமும் ஒரே நேராக வந்தால் அங்கே நங்கூரம். அவளும் அதே மாதிரி ஊற்றுக்கு அடையாளம் வைத்திருந்தாள். "குடத்தை நெறைச்சிட்டு நிமிர்ந்தா அந்த ஒத்தப் பனைக்கு நேர் பொறத்தால மாதா கோயில் கோபுரம் நிக்கும். சோத்தாங்கைப் பக்கம் ஊரணிக் கரை ஆலமரம்." வரப்பு மேலே பனையையும் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து போனாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எல்லை எது என்று தெரியாததால் ரோட்டிலேயே கழற்றிவிட்டேன். உப்பு காலைக் கிழித்தது. ஒரு இடத்தில் நின்றாள். "இதான் ஊத்து. இங்கன இருந்து பீடம் எம்புட்டுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்." எனக்கு அது தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நடந்து போய் நின்றேன்.

வரப்பில் உன் பத்திரிகையை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு உப்புக் கட்டியை வைத்தேன். பழத்தை வைத்தேன். முந்தானையில் இரண்டு பொட்டலமும் முடிந்து கொண்டுபோயிருந்தேன், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. கோயிலில் தடுத்தால் அங்கேயே பூ போட்டுக் கேட்டுவிடலாம் என்றுதான் வீட்டிலேயே கட்டி வைத்திருந்தேன்; அண்ணாச்சி முன்னால் அதை எடுக்கத் துணியவில்லை. அங்கே நின்றபோது நீ கேட்கச் சொன்ன அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டுவிடலாமா என்று கை அதற்குத்தான் போயிற்று. கேட்கவில்லை. கேட்டு, போகச் சம்மதம் இல்லை என்று வந்தால் நான் என்ன செய்வேன்? பறித்த மரத்தைச் சேலைக் கிழிசலால் கட்டவா முடியும்? கேட்க வேண்டிய நாளில் கேட்டவன் நீ ஒருத்தன்தான். இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, வெள்ளையும் சிவப்புமாகப் பத்திரிகை மேலேயே தூவினேன்.

"கொலவை போடுங்க யக்கா. பிள்ளைக்குக் கல்யாணம்லா" என்றாள் அந்தோணியம்மா.

வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே போட்டாள். அவர்கள் கல்யாணத்திலும் குலவை உண்டு. தூரத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கு என்ன விசேஷம் என்று தெரியாமலே நிமிர்ந்து நின்று பதில் குலவை போட்டார்கள். அந்த வெட்டவெளி முழுக்கச் சத்தம். நான் ஒருத்திதான் சும்மா நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் காலைப் பார்த்தே உன் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "அங்கனயா போன?" என்றார். "ஆமா" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "தூராவது இருக்கா?" என்று கேட்டார். "தூரும் இல்ல, குழியும் இல்ல. பாத்திதான்" என்றேன். அந்தப் பானையைத் தலையில் சுமந்த கழுத்து அப்படியே தொங்கிப் போயிற்று. மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு டிக்கெட்தான். அவர் மேல் கோபப்படாதே. உன் கல்யாணத்துக்குத் தலைக்கட்டான அவரே வந்தால் நம் வீட்டு வரியும் நிற்கும். தான் சுமந்து கொண்டுபோய் வைத்த சாமியிடமிருந்து தானே அறுபட்டுப் போக அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கு இருக்கிறது. அந்த ஒரு டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்ததை, அவரும் பாதி வந்த மாதிரி எடுத்துக்கொள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில். பட்டணத்தில் எனக்குத் திசை தெரியாது. சம்பந்தி வீட்டுக்குக் கருப்பட்டியும் பனங்கிழங்கும் கொண்டுவருகிறேன். ஊற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவருவதுதான் முறை. அது இனி முடியாது. நம் வகையறாவில் யாரும் வரமாட்டார்கள் என்பதைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மணவறையில் உன் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அவள் பயந்துவிடக் கூடாது. ஏன் என்று கேட்டால் இதைப் படிக்கக் கொடு.

தாலி கட்டும்போது உன் பக்கத்துக்குக் குலவை போட ஆள் வேண்டும். நான் ஒருத்திதான் நிற்பேன். வருமா, வராதா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்க்காதே. நீ பார்த்தால் அழுகைதான் வரும், குலவை வராது. நேரே பார்த்து முடிச்சைப் போடு. பின்னாலிருந்து சத்தம் கேட்டால், பட்டணத்து ஆட்கள் என்ன ஏது என்று பதறினால், ஒன்றுமில்லை, எங்கள் பெரியம்மை என்று சொல். கேட்கவில்லை என்றாலும், நான் அங்கேதான் நிற்கிறேன், ராசா.